மொட்டை மாடியில் ஒரு பள்ளிக்கூடம்

கல்கத்தாவில் சியால்டா என்று ஒரு ரெயில் நிலையம் இருக்கிறது. பொழுது விடிந்தால் ஜனக்கூட்டம். பொழுது சாய்ந்தாலும் ஜனக்கூட்டம். 1947-ல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்தில் இருந்து ஓடி வந்தவர்கள் பலர் இந்த நிலையத்தில்தான் வந்து இறங்கினார்கள். போக இடம் இல்லாமல் பிளாட்பாரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு.

அவர்களுக்குப் பின்னால், கிராமத்தில் பிழைக்க வழி இல்லாத ஏழைகள் வந்தார்கள். நடைபாதையில் குடியேறினார்கள். அங்கேயே சமைத்தார்கள். அங்கேயே பிள்ளை பெற்றார்கள்.

அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? குப்பையில் காகிதம் பொறுக்குவார்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவுவார்கள். கைக்குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு, போவோர் வருவோரிடம் கை நீட்டுவார்கள்.

இந்தச் சியால்டாவில்தான் லொரேட்டோ பள்ளிக்கூடம் இருக்கிறது. பெண்கள் படிக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம். லொரேட்டோ கன்னியாஸ்திரீகள் 1841-ல் அயர்லாந்தில் இருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். அன்னை தெரசாவும் முதலில் இந்தச் சபையில் இருந்தவர்தான். 1948-ல் மடத்தை விட்டு வெளியே வந்து சேரிக்குப் போனார். அது எல்லோரும் அறிந்த கதை. இது வேறு ஒரு கன்னியாஸ்திரீயின் கதை.

யார் பணம் கட்டுகிறார்கள்?

அவர் பெயர் சிரில் மூனி. அயர்லாந்தில் 1936-ல் பிறந்தவர். 1956-ல் இந்தியாவுக்கு வந்தார். விலங்கியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். 1979-ல் சியால்டா பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை ஆனார்.

அப்போது அங்கே 790 மாணவிகள் படித்தார்கள். அவர்களில் ஏழைகள் 90 பேர். மற்றவர்கள் சம்பளம் கட்டிப் படிக்கும் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள்.

இந்தக் கணக்கு சிரில் அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. ஏழைப் பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார். 1998-ல் மாணவிகள் 1,400 பேர். அதில் 700 பேர் ஒரு காசு கூடச் சம்பளம் கட்டாதவர்கள். சரி பாதி!

வக்கீல் மகளும் ரிக்‌ஷாக்காரர் மகளும் ஒரே பெஞ்சு. ஒரே சீருடை. யார் பணம் கட்டுகிறாள், யார் கட்டவில்லை என்பது பார்த்தால் தெரியாது.

அப்படியும் ஒரு குறை இருந்தது. உள்ளே இருந்த ஏழைகள், ஏதோ ஒரு கூரையின் கீழ் இருந்தவர்கள். கூரையே இல்லாத பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கு வெளியேதான் நின்றார்கள்.

அவர்களை எப்படிச் சேர்ப்பது? 10 வயதுப் பெண்ணுக்கு எழுத்தே தெரியாது. அவளை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியுமா? காலையில் மணி அடித்ததும் வா என்று சொல்லத்தான் முடியுமா? அவள் காலையில் குப்பை பொறுக்கினால்தான் மத்தியானம் சோறு.

வானவில்

1985-ல் சிரில் அம்மையார் ஒரு வழி கண்டார். பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியைத் தெருப் பிள்ளைகளுக்குத் திறந்து விட்டார். எப்போது முடிகிறதோ அப்போது வரலாம். ஒரு மணி நேரம் இருந்து விட்டுப் போகலாம். நாளைக்கும் வரலாம். "வானவில் பள்ளி" என்று அதற்குப் பெயர்.

சொல்லிக் கொடுப்பது யார்? இங்கேதான் அம்மையாரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. கீழே படிக்கும் மாணவிகளே வாத்தியார்கள்! 5-ம் வகுப்பும் அதற்கு மேலும் படித்த பிள்ளைகளுக்கு இதைப் பாடத் திட்டத்திலேயே சேர்த்து விட்டார். கணக்கு, பூகோளம் போல இதுவும் ஒரு பீரியட். இந்தப் பீரியட்டில் ஒரு வகுப்பு மாடி ஏறும். அடுத்த பீரியட்டில் அது இறங்கும், வேறு வகுப்பு ஏறும். ஆகவே, தெருப் பிள்ளை எந்த நேரத்தில் படி ஏறி வந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தர சுமார் 50 மாணவிகள் தயாராக இருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு வாத்தியார். எந்தப் பணக்காரப் பள்ளிக்கூடத்திலும் இது நடக்காது.

இதைப் படிக்கும் தாய்மார்கள் மனதில் ஒரு கேள்வி எழும். "நான் சம்பளம் கட்டி அனுப்புவது என் மகள் படிக்கவா, பிறருக்குப் படிப்புச் சொல்லவா? பேன், சொறி, சிரங்கு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?"

நியாயமான கேள்விதான். நம் வீட்டுப் பிள்ளை என்றால் நாமும் கேட்போம். ஆனால், சொல்லிக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏழு பெருக்கல் எட்டு ஏன் ஐம்பத்தாறு என்று இன்னொருத்திக்குப் புரிய வைக்கப் புறப்பட்டால்தான், நமக்கே அது புரிந்ததா இல்லையா என்று தெரிகிறது.

பாதியில் நின்று போகிற பிள்ளைகளும் இருப்பார்கள். நடைபாதைக் குடும்பத்துக்கு நிலையான இடம் ஏது? எழுதப் படிக்கத் தேறியவர்களை அவரவர் வயதுக்கு ஏற்ற வகுப்பில், வழக்கமான பள்ளிக்கூடங்களில் சேர்த்தார்கள்.

வியாழக்கிழமை பஸ்

மாடியோடு வேலை நிற்கவில்லை. வியாழக்கிழமை தோறும் சுமார் 150 மாணவிகள் பஸ் ஏறிக் கிராமங்களுக்குப் போய், அங்கே உள்ள பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். செங்கற்சூளையில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கும் படிப்பு போயிற்று.

இன்னொன்றும் செய்தார்கள். வீட்டு வேலைக்கு வைக்கப்பட்ட சின்னஞ்சிறு பெண்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று, மாணவிகள் தங்கள் தெருவிலேயே தேடிக் கணக்கு எடுத்தார்கள். பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளும் தன் வயதுப் பெண்தான் என்பதை அப்போதுதான் சில பேர் கவனித்திருப்பார்கள். அவர்களோடு சிநேகம் பிடித்துப் பேசச் சொல்லிக் கொடுத்தார் அம்மையார்.

இந்தப் பணிக்காக 1994-ல் யுனெஸ்கோ சபையின் நோமா எழுத்தறிவுப் பரிசு கிடைத்தது. 2007-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2023-ல், 86-வது வயதில், சிரில் அம்மையார் காலமானார்.

இரவு

பகலில் படித்த பெண் பிள்ளை ராத்திரி எங்கே போவாள்? மறுபடியும் நடைபாதைக்கு. வளர்ந்து வரும் பெண் நடைபாதையில் படுப்பது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியது இல்லை.

அதனால் இரவிலும் பள்ளிக்கூடத்தைப் பூட்டவில்லை. சிறுமிகள் அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்தார்கள். இந்த ஏற்பாடு மற்ற லொரேட்டோ பள்ளிக்கூடங்களுக்கும் பரவியது. பிறகு ஐதராபாத், சென்னை முதலிய ஊர்களிலும் "வானவில் இல்லம்" என்ற பெயரில் விடுதிகள் தோன்றின.

காலையில் மணி அடிக்கும். வெளியில் இருந்து வருகிறவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குள் நுழைவார்கள். உள்ளே படுத்திருந்தவர்கள் அதற்கு முன்பே எழுந்து, பாயைச் சுருட்டி வைத்து விட்டு, தலை வாரி, அதே சீருடையைப் போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள்.