குழவியர் விழித்திரையும் பிராணவாயுவும்

ஐம்பொறிகளுட் கண்ணே தலையாயது என்பர். அக்கண்ணின் உட்சுவரிற் படர்ந்துள்ள மெல்லிய நரம்புப் படலம் விழித்திரை எனப்படும். தாயின் கருப்பையிற் குழவி வளருங் காலத்து, ஏறக்குறைய நான்காந் திங்களிலே, பார்வை நரம்பின் முனையிலிருந்து குருதிக் கலங்கள் இத்திரையின் விளிம்பை நோக்கிப் படரத் தொடங்குகின்றன. அவை விளிம்பை எட்டுவது பெரும்பாலும் பேறுகாலத்தை அடுத்தேயாகும். ஆதலின் குறைமாதத்திற் பிறக்குங் குழவியின் விழித்திரை முற்றுப்பெறாத நிலையிலேயே உள்ளது.

1942ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துக் கண் வைத்தியராகிய தியோடர் தெரி என்பார், இத்தகைய குழவியர் சிலரின் கண்வில்லைக்குப் பின்னே வெண்ணிறப் படலமொன்று தோன்றிப் பார்வையைக் கெடுத்தலை எடுத்துரைத்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுள் ஏறக்குறைய 10,000 குழந்தைகள் இந்நோயாற் கண்ணிழந்தனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. வியப்பு யாதெனின், வசதி மிக்க வைத்தியசாலைகளிலேயே இந்நோய் மிகுந்து காணப்பட்டது.

காரணம் அறியாத வைத்தியர் பல மருந்துகளைக் கையாண்டனர். நியூயோர்க்கில் ஏ.சி.ரி.எச். என்னும் ஓமோன் 31 குழவியருக்கு அளிக்கப்பட, 25 பேர் நற்பார்வையுடன் வீடு சென்றனர். அம்மருந்து வழங்கப்படாத வேறொரு வைத்தியசாலையில் 7 குழவியருள் 6 பேர் பார்வையிழந்தனர். இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ எனத் தோன்றும். ஆயினும் வில்லியம் சில்வர்மன் என்னும் வைத்தியரும் உடனுழைத்தோரும் ஐயம் நீங்காராய், குழவியரைத் திருவுளச் சீட்டுப் போன்ற முறையால் இரு பிரிவாக்கி ஒப்பிட்டனர். மருந்து பெற்றோருள் மூன்றிலொரு பங்கினர் பார்வையிழக்க, பெறாதோருள் ஐந்திலொரு பங்கினரே அதனை இழந்தனர். மருந்து பெற்ற பிரிவிலே இறப்பும் மிகுந்திருந்தது. தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலுந் தானே தணியும் இயல்பினது. இயற்கையின் செயலை மருந்தின் செயலென மயங்கியதே முன்னைய முடிவு என்க.

உண்மைக் காரணம், உயிர் காத்தற்கென ஊட்டப்பெற்ற ஒட்சிசன் என்னும் பிராணவாயுவே. 1951இல் மெல்பேண் நகரத்துக் கேற் கம்பெல் அம்மையார் இவ்வையத்தை வெளியிட்டார். ஒட்சிசன் மிகுந்தவிடத்துக் குருதிக் கலங்கள் சுருங்கி வளர்ச்சி தடைப்படும். பின்னர் அவை ஒழுங்கின்றிப் பெருகித் தழும்பாகி, விழித்திரையை இடம்பெயர இழுக்கும். வாஷிங்டனில் ஆர்னல் பாற்ஸ் என்பார் இதனைச் சோதித்தபோது, வாயு குறைக்கப்பட்ட குழவியர்மேல் இரக்கங்கொண்ட தாதியர் சிலர் இரவிலே அதனைக் கூட்டிவைத்தனர். அவ்விரக்கமே கண்ணைக் கெடுக்கும் என்பதை அவர் அறிந்திலர்.

1953இல் 18 வைத்தியசாலைகள் ஒன்றுகூடி 786 குழவியரிடத்து இவ்வினாவை ஆராய்ந்தன. மிகுதியாக வாயு பெற்றோருள் நூற்றுக்கு 23 பேரும், அளவாகப் பெற்றோருள் நூற்றுக்கு 7 பேரும் நோயின் தழும்பை அடைந்தனர். 1954இல் இம்முடிவு வெளியானதும் வாயு எங்குங் குறைக்கப்பட்டது, நோயும் அருகிற்று.

எனினும் அவ்வாராய்ச்சியிற் குழவியர் சேர்க்கப்பட்டது பிறந்து 48 மணி நேரங் கழிந்த பின்னரேயாகும். முதலிரு நாட்களில் வாயுவைக் குறைத்தால் யாது விளையும் என்பது வினவப்படவில்லை. அந்நாட்களிலும் அது குறைக்கப்பட்டமையால், ஒருவர் பார்வையைக் காத்தற்கு ஏறக்குறைய 16 உயிர்கள் இழக்கப்பட்டன என 1973இல் இங்கிலாந்தில் வெளியான கட்டுரையொன்று மதிப்பிட்டது. 2010இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியொன்று 1,316 குழவியரை ஒப்பிட்டது. குருதியின் ஒட்சிசன் நிறைவு நூற்றுக்கு 85 முதல் 89 வரை பேணப்பட்ட பிரிவிற் கடுமையான விழித்திரை நோய் குறைந்தது. ஆனால் 91 முதல் 95 வரை பேணப்பட்ட பிரிவிலும் பார்க்க இறப்பு மிகுந்தது.

இற்றைநாளில் ஒட்சிசன் நிறைவு இடையறாது அளக்கப்படுகின்றது. கண்கள் உரிய வேளையிற் சோதிக்கப்பட்டு, நோய் முற்றுமுன் இலேசர் ஒளியாலும் பிறவாற்றாலும் சிகிச்சை நடைபெறுகின்றது. மருந்தளித்தோரும், வாயுவைக் கூட்டியோரும், குறைத்தோரும் யாவரும் நன்மையே கருதினர். நன்மை கருதுதல் வேறு, நன்மை விளைதல் வேறு. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டுவது முறையான ஒப்பீடொன்றே. அவ்வொப்பீடும், தான் வினவிய வினாவுக்கே விடை தரும்.