காது இருக்கிறது, கேட்கிறதா? 'புலன்' என்ற சொல்லைப் புரிந்துகொள்வோம்



ஆதம்பாக்கத்தில் நாம் நடத்தும் மக்தபுக்கு மகனை அழைத்து வரும் ஒரு தந்தை, மஃரிபுக்குப் பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். "ஹஜ்ரத், பையனோட அறிவியல் பாடத்துல கண், காது, மூக்கு, நாக்கு, தோல் அஞ்சையும் புலன் உறுப்புன்னு சொல்லித் தர்றாங்க. நீங்க பயான்ல காதுன்னு சொல்லாம செவிப்புலன்னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணுதானே?"

ஒன்றல்ல. இந்த வேறுபாடு தெரியாமல் நாமே ஒரு பிள்ளைக்கு அநீதி செய்திருக்கிறோம். அதையும் கீழே சொல்கிறோம்.

தமிழில் பொறியும் புலனும்

தமிழ் மரபு இவ்விரண்டையும் தனித்தனிச் சொற்களால் பிரித்திருக்கிறது. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தும் பொறிகள். அவற்றால் அறியப்படும் ஊறு, சுவை, ஒளி, நாற்றம், ஓசை ஆகிய ஐந்தும் புலன்கள். பொறி என்பது கருவி. புலன் என்பது அந்தக் கருவி வழியாகக் கிடைக்கும் அறிவு. தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை உறுப்புகளின் எண்ணிக்கையால் அல்ல, ஓரறிவு முதல் ஆறறிவு வரை அறிவைக் கொண்டே வகைப்படுத்துகிறது.

'புலப்படுதல்', 'புலமை', 'புலவர்' ஆகிய சொற்களிலும், காவல்துறையின் 'புலன் விசாரணை'யிலும் அறிதல் என்ற பொருளே இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் 'விழிப்புலனற்றோர்' என்பார்கள். விழி இருக்கிறது, அதன் புலன் இல்லை என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது.

உயிரியலில் வரும் 'புலன் உறுப்பு' என்பதன் பொருளும் இதுதான்: புலனுக்கு உதவும் உறுப்பு. உறுப்பே புலன் ஆகிவிடாது. வெளியே தெரியும் காது மடல் ஒலியைத் திரட்டி உள்ளே அனுப்புகிறது, அவ்வளவுதான். செவிப்பறை அதிர்ந்து, மூன்று சிற்றெலும்புகள் வழியாக அந்த அதிர்வு காக்ளியா என்ற நத்தைக்கூடு வடிவப் பகுதிக்குச் செல்கிறது. அங்குள்ள சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் அதை நரம்புச் செய்தியாக மாற்றுகின்றன. மூளை அதைப் பெற்றால்தான் கேட்டல் நிகழும். மனிதனுக்கு அந்தச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஆக, மடல் அழகாக இருக்கும்போதே கேட்கும் ஆற்றல் இல்லாமல் போகலாம்.

குர்ஆனும் ஃபிக்ஹும்

அரபியில் காதுக்கு 'உதுன்', கேட்கும் ஆற்றலுக்கு 'ஸம்உ'. கண்ணுக்கு 'ஐன்', பார்வைக்கு 'பஸர்'. நாம் ஏதும் அறியாத நிலையில் தாயின் வயிற்றிலிருந்து வெளிவந்தோம் என்றும், நாம் நன்றி செலுத்துவதற்காக அல்லாஹ் நமக்குத் தந்தவை இவை என்றும் கூறும் வசனத்தில் (16:78) உதுனும் ஐனும் வரவில்லை. ஸம்உ, பஸர், உள்ளம் என்றே வருகிறது. இன்னொரு வசனமோ (7:179) உறுப்பையும் அதன் செயலையும் அருகருகே வைத்து, கண்கள் இருந்தும் பார்க்காத, காதுகள் இருந்தும் கேட்காத மக்களைக் கண்டிக்கிறது.

மதரஸாக்களில் ஓதப்படும் இமாம் நஸஃபீ (ரஹ்) அவர்களின் அகீதா நூல், அறிவு கிடைக்கும் வழிகள் மூன்று என்கிறது: புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. புலன்களைக் குறிக்கும் 'ஹவாஸ்' என்ற சொல்லுடன் 'ஸலீமா', அதாவது பழுதற்றவை, என்ற நிபந்தனையையும் சேர்த்திருக்கிறார்கள்.

ஃபிக்ஹில் இந்த வேறுபாடு சட்டமாகவே ஆகிவிட்டது. ஒருவர் அடித்ததில் மற்றவரின் காது சிதையாமல் கேட்கும் ஆற்றல் மட்டும் போய்விட்டால், முழு தியத் (இழப்பீடு) கொடுக்க வேண்டும். ஒரே அடியில் அறிவு, பேச்சு, செவிப்புலன், பார்வை நான்கையும் இழந்தவருக்கு உமர் (ரலி) அவர்கள் நான்கு தியத் வழங்கத் தீர்ப்பளித்ததாக ஹிதாயாவில் வருகிறது. உறுப்பு இருக்கிறதே என்று இழப்பைக் குறைத்து மதிப்பிட மார்க்கம் இடம் தரவில்லை.

நாம் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் நம் மக்தபில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஸீன், ஷீன், ஸாத் மூன்றையும் குழப்புவான். பலமுறை திருத்தியும் மாறவில்லை. கவனமில்லாதவன், அடங்காதவன் என்று எண்ணி, எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். ஒருநாள் அவன் தாயார், "வீட்லயும் டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கிட்டே இருக்கான் ஹஜ்ரத்" என்றார். அப்போதுதான் உறைத்தது. பரிசோதித்ததில், அடிக்கடி வந்த சளியால் இரு செவிப்பறைகளுக்குப் பின்னாலும் நீர் தேங்கியிருந்தது. சிகிச்சைக்குப் பின் அதே பையன் ஸீனையும் ஷீனையும் பிரித்து ஓதினான். அவனை அருகில் அழைத்து, அதே வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டோம்.

மெல்லிய 'ஸ்', 'ஷ்' ஓசைகள், கேட்கும் ஆற்றல் குறையும்போது எளிதில் தவறிவிடுபவை. மக்ரஜ் சொல்லித்தரும் உஸ்தாத் அந்தக் குறையை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடிக்கும் இடத்தில் இருக்கிறார். பிரம்பை எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

பெற்றோர் கவனத்திற்கு

பிறந்த பிள்ளையின் காதில் பாங்கு சொல்கிறோம். அது அந்தப் பிள்ளைக்குக் கேட்கிறதா என்று பார்க்கிறோமா? பிள்ளை தூங்கும்போதே காதில் சிறு கருவியை வைத்துச் சில நிமிடங்களில் செய்யும் பரிசோதனை இருக்கிறது. ஒரு மாதத்திற்குள் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் குறையை உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சையோ கருவியோ தொடங்குதல் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பேச்சு வளரும் காலம் அது. தவறவிட்டால் மீட்பது கடினம்.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் அத்தகைய குடும்பங்களில் பிறவிச் செவிக்குறைக்கு வாய்ப்பு கூடுதல் என்பதால், அவர்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கினால் எதிரே இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கு காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. செலவுக்குப் பயந்து பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

காதில் கருவி மாட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கவும் வேண்டாம். பார்வை இல்லாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பிலால் (ரலி) அவர்களைப் போலவே நபி (ஸல்) அவர்களின் முஅத்தினாக இருந்தார்கள்.

செவி, பார்வை, உள்ளம் ஒவ்வொன்றைப் பற்றியும் விசாரிக்கப்படும் என்கிறான் அல்லாஹ் (17:36). கெட்டதைக் கேட்டோமா என்ற விசாரணையாகவே இதை நாம் எண்ணுகிறோம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையின் செவிப்புலனைப் பேணினோமா என்பதற்கும் நாம் பதில் தயார் செய்துகொள்வது நல்லது.

நம் பிள்ளைகளின் புலன்களை அல்லாஹ் பழுதின்றிப் பாதுகாப்பானாக. ஆமீன்.