ஸ்ரீநகரின் 40 நாள் கடுங்குளிர்: மூடிய அறையில் காத்திருக்கும் ஆபத்து

ஸ்ரீநகர்: காஷ்மீரில் டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்க் காலம் 'சில்லாய் கலான்' எனப்படுகிறது. அதன் பிறகும் 20 நாள், 10 நாள் என இரு கட்டங்களாகக் குளிர் நீடிக்கும். இரவில் குடிநீர்க் குழாய்கள் உறைந்துவிடுகின்றன. கோடையில் உலர்த்திவைத்த கத்தரிக்காயும் சுரைக்காயுமே பல வீடுகளில் சமையலுக்குக் கைகொடுக்கின்றன.

'பெரன்' எனும் தளர்வான நீள் அங்கிக்குள், கரி நெருப்பிட்ட 'காங்கிரி' சட்டியை வைத்துக் குளிர்காய்வது அங்குள்ள பழைய வழக்கம். தற்போது எரிவாயு ஹீட்டர்களும் பயன்படுகின்றன. குளிருக்கு அஞ்சி ஜன்னல்களை முழுவதுமாக அடைப்பதில்தான் ஆபத்து. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு அறையில் சேர்ந்து, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உறங்குபவர் விழிக்காமலேயே உயிரிழக்க நேரிடும். தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை முதல் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனடியாகத் திறந்தவெளிக்கு வர வேண்டும். உறங்கும் முன் கரியையும் ஹீட்டரையும் அணைத்துவிடுவது அவசியம்.