சர்க்கரை தானாக இறங்கும்போது

"இருவது வருசமா இருந்த சுகர், இப்பத் தானாவே இறங்கிருச்சு. பாதி ஊசியே போதும்னுட்டாக." செட்டிநாட்டு ஊரான நாட்டரசன்கோட்டையின் கல்யாணப் பந்தியில் இப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால், பக்கத்து இலைக்காரர் எந்தக் கஷாயம் குடித்தார் என்றுதான் விசாரிப்பார். அதே பந்தியில் சிறுநீரக மருத்துவர் ஒருவர் இருந்தால் வேறொன்றைக் கேட்பார்: "கிரியேட்டினின் எவ்வளவு?" சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு அது.

இறங்கியது நோயாக இல்லாமல் சிறுநீரகமாக இருக்கலாம். ஊசியில் போடும் இன்சுலின் வேலை முடிந்ததும் உடலிலிருந்து நீங்க வேண்டும். அதில் பெரும்பங்கைச் சிதைத்து நீக்குவது சிறுநீரகம். அது களைத்துவிட்டால் காலையில் போட்ட மருந்து இரவிலும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பட்டினி நேரத்தில் ஓரளவு குளுக்கோஸைத் தயாரித்துக் கொடுப்பதும் சிறுநீரகமே. அந்த வரவும் குறைந்துபோகும். போதாததற்கு, ரத்தத்தில் யூரியா ஏறியவருக்கு வாய் கசந்து சோறு இறங்காது. மூன்றும் சேர்ந்தால் சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

ஆபத்து பெரும்பாலும் விடியற்காலையில் வருகிறது: வியர்வை, நடுக்கம், உளறல், சில வேளை நினைவிழப்பு. கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரை சாப்பிடுபவருக்கு இன்னும் சிக்கல். அதன் கழிவுப்பொருள்களும் சிறுநீரகம் வழியாகவே வெளியேற வேண்டியவை. குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்தவர் சில மணி நேரத்தில் மறுபடி மயங்குவதுண்டு. அந்த நேரத்தில் வீட்டார் ஆரஞ்சுச் சாற்றையோ இளநீரையோ எடுத்து ஓடுவது இயல்பு. சிறுநீரகம் பழுதானவருக்கு அவற்றிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். நினைவோடு இருப்பவருக்கு வெறும் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸ் பொடியோ போதும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

'மூணு மாசச் சராசரி' என்று பலரும் நம்பியிருக்கும் எச்பிஏ1சி பரிசோதனையும் இங்கே தடுமாறும். அது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது. சிறுநீரக நோயில் சிவப்பணுக்களின் ஆயுள் குறைகிறது. ரத்தம் ஊற ஊசி போட்டால் புது அணுக்கள் பெருகுகின்றன. ஒட்டிக்கொள்ள அவகாசமில்லை என்பதால் எண் நல்லபடியாகத் தெரியும், நிலைமை அப்படி இருக்காது.

இவ்வளவு தூரம் வருவதற்கு முன் சிறுநீரகம் சத்தமே போடுவதில்லை. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகின்றன. சர்க்கரை மிகுந்தால் முதலில் அவை அளவுக்கு மீறி உழைக்கும், பிறகு சல்லடைக்கண் தளர்ந்து அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். வலி கிடையாது, கால் வீக்கமும் தாமதமாகத்தான் வரும். கிரியேட்டினின் கூடியதாகத் தெரியும்போது சிறுநீரகத்தின் திறனில் பாதி ஏற்கெனவே போயிருக்கலாம்.

கண்ணில் மட்டும் ஒரு சாட்சி உண்டு. நாட்டரசன்கோட்டையின் அம்மன் கண்ணுடைய நாயகி. ஊர் வழக்கில் கண்ணாத்தாள். கண் நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அவர்களில் சர்க்கரைக்காரர் இருந்தால், விழித்திரையின் நுண்குழாய்களைச் சிதைக்கும் அதே கோளாறு சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலும் வேலையைத் தொடங்கியிருக்கக்கூடும். விழித்திரைப் பாதிப்பு என்று கண் மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டை ஒரு சிறுநீர்ப் பரிசோதனைக்கான சீட்டாகவும் வாசிக்கலாம்.

அந்தப் பரிசோதனைக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டியதில்லை என்பதைச் சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி காட்டினார். 1990களின் பிற்பகுதியில் அவரது கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், சென்னையை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேரை வீடு வீடாகப் பரிசோதித்தது. உள்ளூர் ஆட்களே பயிற்சி பெற்று ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் ஓர் அமிலத்தை ஊற்றிப் புரதமும், பெனடிக்ட் கரைசலைக் காய்ச்சிச் சர்க்கரையும் கண்டார்கள். ஆண்டுச் செலவு தலைக்கு 27 அமெரிக்க சென்ட்! கொடுத்ததும் மலிவான பழைய மருந்துகள்தாம்: மெட்ஃபார்மின், மேலே குறை சொன்ன அதே கிளிபென்கிளமைடு. சிறுநீரகம் கெடுவதற்கு முன் கொடுத்தால் அது நல்ல மருந்தே. பல ஆண்டுகள் கழித்து, 2023-இல், தமிழக அரசின் திட்டம் ஒன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீர்ப் புரதம் பார்க்கத் தொடங்கியது.

இப்போது மருந்துகளும் மாறியிருக்கின்றன. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஒரு பொருள், சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுவதைப் பிற்பாடு கண்டார்கள். அதன் வாரிசுகளில் ஒன்று டாபாகிளிஃப்ளோசின். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அது சர்க்கரையைக் குறைப்பது சொற்பம்; ஆனாலும் சிறுநீரகத்தைக் காக்கிறது. 2020-இல் வெளியான பெரிய ஆய்வில் பலன் தெளிவாகத் தெரிந்ததால், ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். அதே ஆண்டில் இந்தியாவில் மருந்தின் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கியது. மெட்ஃபார்மினை, சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் (eGFR) 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கும் டைக்ளோஃபெனாக்கைத் தொடவே கூடாது.

சாப்பாட்டில்தான் வீட்டுக்கு வீடு குழப்பம். சர்க்கரைக்கென்று கற்ற பாடம் கீரை, பயறு, பழம். பொட்டாசியம் ஏறியவருக்கு அதில் பாதி கழியும்; காய்களை நறுக்கி நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடச் சொல்கிறார்கள். செட்டிநாட்டுச் சமையலில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்களும் பல: வத்தல், வடகம், ஊறுகாய், கருவாடு. தைப் பொங்கலை ஒட்டிய செவ்வாய்ப் பொங்கலன்று கண்ணாத்தாள் கோயில் முன் வரிசை கட்டும் நகரத்தார் பானைகளில் ஒரு கைப்பிடி எடுப்பதால் யாருக்கும் சிறுநீரகம் போகாது; தினமும் தொட்டுக்கொள்ளும் ஊறுகாயைத்தான் கணக்கில் வைக்க வேண்டும்.

சிறுநீரகம் கைவிட்டு, ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) தொடங்கிய பிறகும் சர்க்கரை தன் போக்கில் விளையாடும். இயந்திரத்தில் நாலு மணி நேரம் இருக்கும் நாளில் அது தாழலாம் என்பதால் அன்றைய ஊசியின் அளவைக் குறைக்க வேண்டிவரும். வீட்டிலேயே வயிற்றுக்குள் திரவம் ஏற்றி வடிக்கும் முறையில் நடப்பதோ தலைகீழ். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுக்கும் அந்தத் திரவப் பைகளில் குளுக்கோஸ் இருக்கிறது. நீரை இழுப்பதே அதுதான். ஒவ்வொரு பைக்கும் கொஞ்சம் சர்க்கரை உடம்பில் சேரும். பாதி ஊசி போதும் என்று சந்தோஷப்பட்டவருக்கு மறுபடி முழு ஊசி தேவைப்படுவது பெரும்பாலும் அப்போதுதான்.