டிராக்டர் பெல்ட் கிறீச்சிடுவது ஏன்?

காலையில் டிராக்டரைக் கிளப்பியதும் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் எழுந்து, சற்று நேரத்தில் தானே அடங்கிவிடுவதுண்டு. அடங்கிவிட்டதே என்று பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பல டிராக்டர்களில் ரேடியேட்டர் விசிறி, தண்ணீர் பம்பு, டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர் ஆகிய எல்லாவற்றையும் சுற்றுவது ஒரே விசிறி பெல்ட்தான். அது வழுக்கினால் பாட்டரி இறங்கும். உழவின் நடுவே எஞ்சின் கொதிக்கும். கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்துவிட்டால் செலவு பெல்ட் விலையோடு நிற்காது.

நீண்ட கிறீச்சொலி, அதுவும் வேகத்தைத் திடீரென்று கூட்டும்போதோ, விளக்கைப் போட்டதுமோ வந்தால், பெல்ட் தளர்ந்திருக்கிறது எனலாம். சுண்டெலி கத்துவது போல விட்டு விட்டு வந்தால் புல்லிகள் ஒரே நேரில் இல்லாதிருக்கலாம். ஐயம் தீர, எஞ்சின் மெதுவாக ஓடும்போது தள்ளி நின்று பெல்ட்டின் மீது சிறிது தண்ணீர் தெளிக்கலாம். சத்தம் கூடினால் தளர்ச்சி. நின்று மறுபடியும் வந்தால் புல்லி கோணல். துண்டும் வேட்டி முனையும் விசிறிப் பக்கம் போகவே கூடாது.

‘கரகர’ சத்தம் வேறு வகை. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். சொரசொரப்போ ஆட்டமோ தெரிந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. பெல்ட் இல்லாமல் எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓட்டியும் பார்க்கலாம்; அப்போதும் சத்தம் இருந்தால் கோளாறு எஞ்சினுக்குள்தான். அதற்கு மேல் ஓட்டக் கூடாது. தண்ணீர் பம்பு சுற்றாதல்லவா!

சத்தத்தை அடக்க கிரீஸோ சோப்போ தடவுவது கெட்ட வழக்கம். இந்தப் பெல்ட் இரு பக்கவாட்டுகளால்தான் புல்லியைப் பிடிக்கிறது. எண்ணெய்ப் பசை பட்டால் இன்னும் வழுக்கும், ரப்பரும் ஊதிக் கெடும். புல்லிப் பள்ளத்தின் அடிப்பாகம் பளபளவென்று இருந்தால், பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து, பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். அதை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

எஞ்சின் நின்றிருக்கும்போது நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் பெல்ட் உள்ளே போகலாம். சரியான அளவு டிராக்டருடன் தந்த கையேட்டில் இருக்கும். வீணை நரம்பு போல் முறுக்கினால் பேரிங்குகள் போய்விடும். புது பெல்ட் சில மணி நேர ஓட்டத்திலேயே சற்றுத் தளரும். மாற்றிய மறுநாளே ஒருமுறை அழுத்திப் பார்த்து இறுக்கிக்கொள்வது நலம்.