நடுத்தர நகர வாழ்வு: யாழ்ப்பாணம் காட்டும் உண்மைகள்

நகர வாழ்வைப் பழந்தமிழ் இலக்கியங்கள் பேசுமிடத்துப் பெருநகரங்களே முன்னிற்கின்றன. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடுகின்றது. மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. அகப்பாடல்களோ பெரும்பாலும் சீறூர்களையும் கடற்கரைப் பாக்கங்களையும் களமாகக் கொண்டவை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நகரம் பாடுவாரின்றி நின்றுவிட்டது. ஆயினும் இலங்கையிற் கொழும்பை நீக்கி நோக்குமிடத்துக் கண்டி, காலி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் முதலியன யாவும் அத்தகைய இடைத்தர நகரங்களே. அங்கு வாழ்தலின் இயல்பு யாது என்பதை யாழ்ப்பாண நகரைக் கொண்டு ஆராய்தல் பொருத்தமாகும்.

ஒரு நகரம் நடுத்தரமானது என்பதைக் குடித்தொகை மட்டும் கொண்டு துணிதல் சாலாது. இரண்டு அடையாளங்கள் அதற்கு உள. வைத்தியசாலை, நீதிமன்றம், கல்லூரி, சந்தை என வாழ்வுக்கு வேண்டியன யாவும் ஒருவர் துவிச்சக்கரவண்டியிற் சென்று மீளத்தக்க தூரத்தில் அமைந்திருத்தல் ஒன்று. அந்நகரின் தொழிலையும் வருவாயையும் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் வேறிடத்தில் எடுக்கப்படுதல் மற்றொன்று. முன்னையது அதன் நலம். பின்னையது அதன் குறை. நடுத்தர நகர வாழ்வின் இன்பதுன்பங்கள் அனைத்தும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன எனலாம்.

யாழ்ப்பாண அரசின் இருக்கை நல்லூராகும். 1619ஆம் ஆண்டில் அவ்வரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நல்லூரை விடுத்து, கடனீரேரிக் கரையிற் கோட்டை அமைத்து அதனையே ஆட்சி நிலையமாக்கினர். 1658இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அவ்விடத்திலிருந்தே ஆண்டனர். இதனால் இந்நகருக்கு இரண்டு நடுவிடங்கள் உண்டாயின. ஆட்சியும் வாணிகமும் கோட்டையை அடுத்து வளர்ந்தன. சமய வாழ்வு நல்லூரையும் வண்ணார்பண்ணையையும் சார்ந்து நின்றது. தட்டாதெரு, கன்னாதிட்டி, சோனகத்தெரு, பறங்கித்தெரு என்னும் பெயர்கள் தொழில்வழியும் இனவழியும் மக்கள் குடியேறிய வரலாற்றை இன்றும் உணர்த்துகின்றன. 1905ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை கொழும்போடு இணைக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டில் நகரம் மாநகர சபைக்குரிய தகுதியைப் பெற்றது. அதன் பரப்போ ஏறக்குறைய இருபது சதுரக் கிலோமீற்றர் மட்டுமே.

இச்சிறுமையே அன்றாட வாழ்வில் முதல் நன்மையாகின்றது. கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவர் நாளின் பெரும்பகுதியை வழியிலே செலவிட நேர்கின்றது. யாழ்ப்பாணத்தில் இலிகிதரும் ஆசிரியரும் நண்பகலில் வீடு சென்று உண்டு மீளுதல் அரிதன்று. கோப்பாய், நீர்வேலி, திருநெல்வேலி ஆகிய இடங்களின் செம்மண் தோட்டங்களில் விளைந்த மரக்கறிகள் காலையிலேயே சந்தையை அடைகின்றன. குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கடற்றொழிலாளர் பிடித்த மீன் நகருக்குள்ளேயே கரையேறுகின்றது. நகரத்தவர்க்குத் தோட்டமும் கடலும் கண்காணாத் தொலைவில் இருப்பன அல்ல. போர்க்காலத்தில் இந்நன்மை உயிர்காக்கும் பண்பாகவும் மாறிற்று. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருள் தடைப்பட்டபோது நோயாளரும் விறகும் மரக்கறியும் துவிச்சக்கரவண்டிகளிலேயே ஏற்றிச் செல்லப்பட்டன. பெருநகரொன்று அந்நிலையில் முற்றாக முடங்கியிருக்கும். யாழ்ப்பாணம் மெலிந்தும் இயங்கியது.

அடுத்து நோக்கற்பாலது அறிமுகம் என்னும் பண்பு. பெருநகரில் ஒருவர் எண்ணாகின்றார். இங்கே இன்னார் மகனாகவும் இன்ன ஒழுங்கையாராகவும் அறியப்படுகின்றார். கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு கடன் கொடுப்பதும், மரணவீட்டிற்கு அழையாமலே அயலார் கூடுவதும், வைத்தியசாலையில் தனித்துக் கிடப்பாரைத் தேடித் தெரிந்தவர் வருவதும் இவ்வறிமுகத்தின் பயனாகும். ஆயின் அறிமுகம் காவலாகவும் அமையும். ஒருவர் எவ்வூரார், எக்குடியார் என்பது யாவர்க்கும் தெரிந்த நகரிற் சாதிக் கட்டுப்பாடு எளிதில் நெகிழாது. பொது இடங்களிற் சாதி காரணமாகத் தடை செய்வதைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன் பின்னரும் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் உரிமை வேண்டிப் போராட்டங்கள் நிகழவேண்டியிருந்தன. நகரத்துக் காற்று மனிதரை விடுவிக்கும் என்பது தானே நிகழ்வதன்று. அதற்காக உழைத்தோர் உளர் என்பதை மறத்தல் தகாது.

இனித் தொழிலை ஆராய்வோம். ஆசிரியத் தொழில், அரசாங்க உத்தியோகம், வைத்தியம், வழக்கறிஞர் தொழில், வாணிகம் என்பனவே நகரின் பெருந்தொழில்கள். பேராலைகள் இங்கு வளரவில்லை. 1950ஆம் ஆண்டளவிற் காங்கேசன்துறையில் எழுந்த சீமேந்துத் தொழிற்சாலையும் 1990இல் நின்றுபோயிற்று. கல்வியோ பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலே செழித்தது. மிசனரிமார் நிறுவிய பாடசாலைகளும், 1848இல் ஆறுமுகநாவலர் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், அவற்றின் வழிவந்த இந்துக் கல்லூரிகளும் நகரம் ஏற்கக்கூடிய தொகையினும் மிகுதியாகக் கற்றோரை உருவாக்கின. அவர்கள் கொழும்புக்கும் மலாயாவுக்கும் சென்று, வீட்டுக்குக் காசு அனுப்பினர். இதனை 'மணியோடர் பொருளாதாரம்' என்று வழங்குவர். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டமும், 1970களிற் பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும் உத்தியோக வாயிலைச் சுருக்கின. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களின் பின் பெருந்தொகையினர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அகன்றனர். மணியோடர் வந்த இடத்தில் வங்கி வழியே வெளிநாட்டுக் காசு வந்தது.

இக்காசு பல குடும்பங்களைக் காத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அது உழைப்பிற்கும் வாழ்விற்கும் இடையிலுள்ள தொடர்பை அறுத்துவிடுகின்றது. வெளியிலுள்ளார் கொடுக்கும் விலைக்குக் காணி விற்கப்படும் நகரில், அங்கேயே சம்பளம் பெறும் இளம் ஆசிரியர் இரண்டு பரப்புக் காணி வாங்குதலும் அரிதாகின்றது. பூட்டிய வீடுகளும், பிள்ளைகளின் தொலைபேசி அழைப்பிற்குக் காத்திருக்கும் முதியோரும் இதன் மறுபக்கமாவர்.

நடுத்தர நகரின் மற்றொரு மென்மையும் கருதத்தக்கது. பெருநகரில் ஒரு நிலையம் அழியின் அதற்கு ஈடாக வேறொன்று இருக்கும். இங்கோ ஒவ்வொன்றும் ஒன்றேயாம். 1959இல் திறக்கப்பட்ட பொது நூல்நிலையம் 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் அரிய சுவடிகளும் அழிந்தன. அப்பொழுது மாணவர் செல்லுதற்கு அதற்கு ஒப்பான இரண்டாவது நூல்நிலையம் நகரில் இருக்கவில்லை. அது 2003ஆம் ஆண்டிலேயே மீண்டும் திறக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளாற் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டபோது, இரும்புச் சாமான் வாணிகத்திலும் தையற்றொழிலிலும் தேர்ந்த ஒரு சமூகத்தை நகரம் ஒருங்கே இழந்தது. நட்டத்தினும் பெரிது அதனால் விளைந்த அறக்குறை. 1995 ஒக்டோபர் இறுதியில் நகரமே வெறுமையாயிற்று. 1981இல் ஏறக்குறைய 118,000 ஆக இருந்த குடித்தொகை 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 88,000 ஆகக் குறைந்திருந்தமை இவற்றின் விளைவாம்.

நிலத்தடியிலும் ஓர் எல்லை உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வடகீழ்ப் பருவமழை நீர் சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, கடல்நீரின்மேல் வில்லைபோல மிதக்கின்றது. அதனை மிகுதியாக இறைத்தால் உவர்நீர் மேலேறும். வீடுகள் நெருங்கிய ஒழுங்கைகளிற் கிணறும் மலக்குழியும் அருகருகே அமைதலால், கழிவு பாறை வெடிப்புக்களூடே கிணற்றைச் சேர்கின்றது. நகருக்கு வெளியே தோட்டங்களுக்கு இடும் உரமும் நீரில் நைத்திரேற்றை மிகுவிக்கின்றது. ஒருவர் தம் காணிக்குள் செய்வது அயலாரின் குடிநீரைத் தீண்டும் நகரம் இது. 'என் காணி, என் கிணறு' என்னும் கிராமத்து மனப்பான்மையோடு நகரவாழ்வு நடத்தல் இயலாது என்பதை இந்நீரே கற்பிக்கின்றது.

புகையிரதம் 2014இல் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. 1974இல் வளாகமாகத் தோன்றிய பல்கலைக்கழகம் நாட்டின் பல பாகத்து மாணவரையும் ஈர்க்கின்றது. ஆதலின் நகரம் எழவில்லை என்று கூறல் பொருந்தாது. ஆயினும் வழிகள் திறக்கப்படுதல் வருவதற்கும் உதவும், போவதற்கும் உதவும். கற்றோர் தங்குதற்குத் தொழில் வேண்டும். முற்காலத்துக் கல்வி உத்தியோகத்தை நோக்கியது. இனிவருங் கல்வி தோட்டம், கடல், கைத்தொழில், கணினி ஆகியவற்றில் இவ்விடத்திலேயே ஆக்கம் காண்பதை நோக்குதல் வேண்டும். பொதுக் குழாய்நீர், கழிவகற்றல், குளங்களைத் தூர்வாரல் ஆகியவற்றை மாநகர சபை முதற்கடமையாகக் கொள்ளல் வேண்டும். வெளியேற்றப்பட்டோர் மீண்டு வாழ வழி செய்தல் யாவர்க்கும் உரிய கடன்.

பெருநகரின் வாய்ப்பும் சிற்றூரின் உறவும் ஒருங்கே தரவல்லது நடுத்தர நகரம். அவ்விரண்டின் குறைகளும் ஒருங்கே சேரும் இடமும் அதுவேயாகலாம். எது நிகழும் என்பது நகரின் அளவைப் பொறுத்ததன்று. அதில் தங்கி வாழத் துணிந்தோர்க்கு அந்நகரம் எத்துணை இடமளிக்கின்றது என்பதைப் பொறுத்ததாகும்.