ஆலைத் தொழிலாளர் நலம்: அருளா? உரிமையா?

தொழிலாளர் நலம் என்றால் என்ன? போதிய கூலியும் ஓய்வும் கிடைத்தால் அதுவே நலம் என்பர் பலர். அவை வேண்டுவனவே, ஆயினும் அவை மட்டும் போதா. அந்த நலம் இன்னது என்று முடிவு செய்பவர் யார் என்பதும் பெரிய கேள்வியாகும். சில நாடுகளின் வரலாற்றை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும் என்று கருதுகிறேன்.

தொழிலாளர்க்கு நன்மை செய்ய முன்வந்த முதலாளிகளுள் தலைசிறந்தவர் இராபர்ட் ஓவன். ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னும் ஊரின் நூற்பாலைகளை 1800ஆம் ஆண்டு முதல் அவர் நடத்தி வந்தார். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்குச் சேர்ப்பதை நிறுத்தினார். 1816இல் கல்விக்கூடம் திறந்தார். நல்ல பண்டங்களைக் குறைந்த விலையில் விற்கக் கடை வைத்தார். ஆனால் அதே ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் கறுப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை ஆகிய நான்கு நிறங்கள் தீட்டிய சிறு மரக்கட்டை ஒன்று தொங்கியது. முதல் நாள் நடத்தை தீயதாயின் மறுநாள் கறுப்புப் பக்கம் வெளியே தெரியும். மிக நன்றாயின் வெள்ளைப் பக்கம் தெரியும். அடித்துத் திருத்துவதைவிட இது மேலானதே. எனினும் இது தந்தை பிள்ளைக்குக் காட்டும் பரிவேயன்றி, ஒத்த நிலையினர்க்குத் தரும் மதிப்பன்று.

ஜப்பானில் ஆலையே ஒரு குடும்பம் என்னும் எண்ணம் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குள்ள பெரிய நிறுவனங்கள் ஓய்வுபெறும் வரை வேலை, பணிமூப்புக்கேற்ற ஊதியம், குடியிருப்பு முதலியவற்றை அளித்தன. ஆனால் குடும்பத்தார் அனைவரும் உழைத்துக்கொண்டிருக்கும்போது, "நேரமாகிவிட்டது, வருகிறேன்" என்று ஒருவர் மட்டும் எழுந்து போவது எளிதா? மிகை உழைப்பால் நேரும் சாவைக் குறிக்க 'கரோஷி' என்று ஒரு சொல்லே அங்குப் பிறந்துவிட்டது. அதைத் தடுக்க 2014இல் தனிச் சட்டமும் தேவைப்பட்டது.

ஜெர்மனி கண்ட வழி வேறு. நிலக்கரி, எஃகுத் தொழில்களில் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்களை 1951ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் தரப்புக்கு வழங்கியது. 2,000 பேருக்கு மேல் பணிபுரியும் பிற நிறுவனங்களுக்கும் இம்முறை 1976இல் சற்றே குறைந்த அளவில் விரிந்தது. இங்கே தொழிலாளி நன்மையைப் பெறுபவன் மட்டுமல்லன். அதை முடிவு செய்யும் அவையில் அமர்பவனும் ஆனான்.

நாம் பயிலும் இம்மும்பை நகருக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிறுவரின் வேலை நேரத்தை மட்டுமே வரையறுத்தது. வளர்ந்தோர்க்கு வார விடுமுறைகூட இல்லை. 1884இல் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளரைக் கூட்டினார். வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் நடுப்பகலில் அரைமணி ஓய்வும் வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். ஞாயிறு விடுமுறை 1890இல்தான் கிடைத்தது. தமக்கு வேண்டுவது இன்னதென்று அவர்கள் தாமே சொன்னார்கள், சொன்னதனால் பெற்றார்கள்.

பரேல் பக்கம் செல்லும்போது கண்ணாடி மாளிகைகளுக்கிடையே நிற்கும் பழைய புகைபோக்கிகளைக் காண்கிறேன். அந்த ஆலைகள் ஓய்ந்துவிட்டன; அவர்கள் பெற்ற ஞாயிற்றுக்கிழமையோ நமக்கும் பயன்படுகிறது. நம்மிற் பலர் நாளை பொறியாளராகவும் மேலாளராகவும் ஆலைகளுக்குள் நுழைவோம். அன்று நலத்திட்டம் தீட்ட அமருமுன் தொழிலாளரை அழைத்து அமரச் செய்து, "உங்களுக்கு வேண்டுவது யாது?" என்று முதலில் கேட்போமாக!